நான் யார், எதற்காக இருக்கிறேன்? இஞ்ஞாசியார் வழியில் தேர்ந்து தெளிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு, வேலை, திருமணம், துறவு என ஏதோ ஒரு முச்சந்தியில் நின்றுகொண்டு, கிறிஸ்தவ நம்பிக்கையின் வெளிச்சத்தில் தன்னை அறிய விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். இதற்கு வழிகள் பல உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் உள்ள தேர்ந்து தெளிதலை, அதாவது உள்ளத்தின் அசைவுகளைக் கவனித்து முடிவெடுக்கும் முறையை மட்டும். ஏறத்தாழ 500 ஆண்டுகளாகப் பழகிவரும் முறை இது. எங்கே கால் வழுக்கும் என்பதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார் அவர். கத்தோலிக்கர் 'இறைத்திட்டம்' என்பதையும் மற்ற சபையார் 'தேவசித்தம்' என்பதையும் இங்கே ஒரே பொருளில்தான் எடுத்துக்கொள்கிறோம்.

"நான் யார்?", "நான் என்ன செய்யவேண்டும்?" இரண்டும் ஒரே கேள்விதானே?

இல்லை. பெரும்பாலோர் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். முதலாவது தீராமல் அது தீருவதில்லை.

மாற்கு நற்செய்தியைத் திறந்து பாருங்கள். இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்று ஏறும்போது, "என் அன்பார்ந்த மகன் நீயே" என்று குரல் கேட்கிறது (1:11). அதுவரை அந்த நற்செய்தியில் அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஓர் உவமையும் சொல்லவில்லை. மகன் என்ற பெயர் முதலில் வருகிறது, வேலை பிறகு வருகிறது. அடுத்து பாலைநிலத்தில் 40 நாள். அங்கே சோதிக்கிறவன், "நீர் இறைமகன் என்றால்" என்று ஆரம்பிப்பதை மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள். எதையாவது செய்து காட்டி நீ யாரென்று நிரூபி என்பதுதான் தூண்டில். மதிப்பெண், சம்பளம், வெளிநாட்டு விசா, வீட்டுவாசலில் நிற்கும் கார் என்று நம்மிடம் வருவதும் அதே தூண்டில்தான்.

ஆகவே, முதல் இரண்டு வாரம் எந்த முடிவைப் பற்றியும் செபிக்கவேண்டாம். எசாயா 43:1-4, திருப்பாடல் 139:1-18, லூக்கா 15:11-32 ஆகிய மூன்று பகுதிகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து நாள் ஒதுக்கி, மெதுவாக வாசியுங்கள். சலிப்புத் தட்டும். தட்டட்டும். அறிவு நிறைவதைவிட உள்ளத்தில் சுவைப்பதே ஆன்மாவை நிறைவாக்கும் என்று இஞ்ஞாசியார் அந்த நூலின் இரண்டாம் முன்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

ஓர் உடைந்த காலிலிருந்து. இஞ்ஞாசியார் 1491-இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்தவர். 1521 மே 20 அன்று பாம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படையிடமிருந்து காக்கும் சண்டையில் பீரங்கிக் குண்டு அவருடைய வலக்காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகக் கூடி, மூட்டுக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான காலணி போட்டால் அசிங்கமாகத் தெரியுமே என்பதற்காக அதை அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அழகிய வீரன் என்ற அடையாளத்தை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பதற்கு இது ஒன்றே போதும்.

படுக்கையில் கிடந்தபோது வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும்தான். வாசித்தது பாதி, பகற்கனவு பாதி என்று நாள் ஓடியது. ஓர் உயர்குலப் பெண்ணுக்காகத் தாம் செய்யப்போகும் சாகசங்களை நினைக்கும்போது இன்பமாக இருந்தது. நினைத்து முடித்தபின் உள்ளம் வறண்டது. வெறுங்காலோடு எருசலேமுக்கு நடப்பதாக நினைத்தபோதும் இன்பமாக இருந்தது. ஆனால், அது நினைத்து முடித்த பின்னும் தங்கியது. இரண்டு கனவுகளின் அடிச்சுவையும் வேறு என்பதை ஒருநாள் கவனித்தார். தேர்ந்து தெளிதல் என்று இன்று சொல்லப்படுவது முழுவதும் அந்தக் கவனிப்பிலிருந்து முளைத்ததே. அடுத்து ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் ஏறத்தாழ 10 மாதம் செபத்திலும் தவத்திலும் கழித்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் நூலாயின. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்.

நான் கத்தோலிக்கர் அல்ல. செய்யலாமா?

செய்யலாம். பயிற்சிகளில் பெரும்பகுதி நற்செய்திக் காட்சிகளை வைத்து செபிப்பதுதான். பிற சபையார் பலர் செய்கிறார்கள். ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) போன்றவை உங்கள் சபை வழக்கில் இல்லையென்றால் அதை வழிகாட்டியிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள், போதும்.

எவ்வளவு நேரம் ஒதுக்கவேண்டும்?

முழு வடிவம் சுமார் 30 நாள் மௌனம், நாளுக்கு நான்கைந்து மணி நேர செபம். நான்கு 'வாரம்' என்று பிரித்திருப்பார்கள். ஏழு ஏழு நாளாக எண்ணவேண்டாம், கட்டம் என்று கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் எதற்காகப் படைக்கப்பட்டேன் என்ற அடித்தளச் சிந்தனையும், பாவமும், பாவியை விடாத இரக்கமும். இரண்டாவது இயேசுவின் வாழ்க்கை. முடிவெடுத்தல் இங்கேதான் வரும். மூன்றாவது பாடுகள், நான்காவது உயிர்ப்பு.

வேலையையும் வீட்டையும் விட்டு வர முடியாதவர்களுக்கு நூலின் 19-ஆம் முன்குறிப்பு வழி விடுகிறது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம், அதே பயிற்சிகளை மாதக்கணக்கில் அன்றாட வாழ்வினூடே செய்வது. தியான இல்லங்களில் 8 நாள், 3 நாள் வடிவங்களும் நடக்கின்றன.

புதிதாகத் தொடங்குகிறவர் எடுத்த எடுப்பில் ஒன்றரை மணிக்குப் போகவேண்டாம். காலையில் 30 நிமிட செபம், இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் 15 நிமிட ஆய்வு. ஆறு வாரம் இது பிசகாமல் நடந்தால் பிறகு கூட்டலாம். ஆர்வத்தில் முதல் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மூன்றாம் வாரம் மறைந்துபோகிறவர்கள் நிறைய.

அந்த 30 நிமிடத்தில் என்ன செய்வது?

முந்தின இரவே பகுதியைத் தேர்ந்து ஒருமுறை வாசித்துவிட்டுப் படுங்கள். காலையில் தேட உட்கார்ந்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். விவிலியத்தைச் செயலியில் வாசிப்பவர் ஒரு மாதத்துக்காவது அச்சுப் புத்தகத்துக்கு வாருங்கள்.

உட்கார்ந்ததும் ஒரு நிமிடம், கடவுள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு. அடுத்து, இன்று எனக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் கேளுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று பொதுவாகக் கேட்பது இங்கே உதவாது. பார்வையற்ற பர்த்திமேயுவிடம் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்றுதான் கேட்டார் (மாற்கு 10:51). பார்த்தாலே தெரிகிற விஷயம், ஆனாலும் அவன் வாயால் வரவேண்டியிருந்தது.

பிறகு காட்சிக்குள் நுழைவது. எரிகோ சாலையின் புழுதி, கூட்டம், "சும்மா இரு" என்று அதட்டுகிறவர்கள். அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? ஒரு சொல் தைத்தால் அங்கேயே நில்லுங்கள். மீதி வசனங்களை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைசி ஐந்து நிமிடம் நண்பனிடம் பேசுவதுபோல் இயேசுவிடம் பேசி, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொல்லி முடியுங்கள். எழுந்தபின் இரண்டு வரி குறிப்பு.

இரவு ஆய்வு என்பது பாவக்கணக்கா?

அப்படி ஆக்கிக்கொண்டவர்கள் இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். இஞ்ஞாசியார் வைத்த படிகள் ஐந்து, அதில் முதலாவது நன்றி. எங்கள் பரிந்துரை: நன்றிக்கு 3 நிமிடம், ஒளி கேட்க 1, நாளைப் பின்னோக்கிப் பார்க்க 6, மன்னிப்புக்கு 2, நாளைக்கான தீர்மானத்துக்கு 3.

நன்றி சொல்லும்போது பொருள் குறிப்பாக இருக்கட்டும். "குடும்பத்துக்காக நன்றி" என்பது வழுக்கிப் போகும். "மதியம் அக்கா போன் செய்ததற்கு நன்றி" என்பது ஒட்டும். நாளைப் பார்க்கும்போது காலையிலிருந்து மணிவாரியாக ஓட்டிப் பாருங்கள். எங்கே உள்ளம் விரிந்தது, எங்கே சுருங்கியது? சுருங்கிய இடம் பாவமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அலுவலகத்தில் இன்னொருவருக்குப் பதவி உயர்வு என்று கேட்ட நொடி எழுந்த எரிச்சல், நீங்கள் எதை உங்கள் அடையாளமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுக்கும். தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையில் படுத்தபடி செய்யாதீர்கள். மூன்றாம் படியில் தூங்கிவிடுவீர்கள்.

குறிப்பேட்டில் என்ன எழுதவேண்டும்?

தேதி, செபித்த பகுதி, விரிந்தது ஒன்று, சுருங்கியது ஒன்று. நான்கு வரிக்கு மேல் போகவேண்டாம். நீட்டி எழுதினால் கட்டுரை அழகாகும், கவனிப்பு போய்விடும். வாரக் கடைசியில் ஏழு நாளையும் சேர்த்து வாசியுங்கள். ஒரு நாளில் தெரியாதது ஏழு நாளில் தெரியும். ஆறு வாரத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயரோ, இடமோ, வேலையோ கண்ணில் படும். நோக்கத்தைப் பற்றிய முதல் துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

உள்ளம் விரிவதை ஆறுதல், சுருங்குவதை வறட்சி என்கிறார்களே, அது வெறும் மனநிலை மாற்றம்தானே?

ஒன்றுபோல் தோன்றும், ஆனால் வேறு. ஆன்மிக ஆறுதலின் அடையாளம், நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றில் ஏதேனும் கூடுவது. கண்ணீரோடுகூட அது வரலாம். தன் தவற்றை உணர்ந்து அழுதுகொண்டே கடவுளிடம் நெருங்குகிறவர் ஆறுதலில் இருக்கிறார். விருந்தில் சிரித்துக்கொண்டே, 'எனக்கு யாரும் இல்லை, செபித்து என்ன பயன்' என்று உள்ளே சுருங்குகிறவர் வறட்சியில் இருக்கிறார். சிரிப்பையோ அழுகையையோ வைத்து முடிவுகட்டவேண்டாம்; எந்தத் திசையில் இழுக்கிறது என்று பாருங்கள்.

நூலின் 335-ஆம் பத்தியில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. கடவுளை நோக்கி வளர்ந்துவரும் ஒருவரை நல்ல ஆவி தொடுவது, பஞ்சில் நீர்த்துளி இறங்குவது போல. தீய ஆவி தொடுவது, பாறையில் துளி விழுந்து தெறிப்பது போல, சத்தத்தோடு. சரிவில் போய்க்கொண்டிருப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். அவருக்கு மனச்சான்றின் உறுத்தல்தான் நல்ல ஆவியின் வேலை. ஆகவே "நிம்மதியாக இருக்கிறது, இதுதான் தேவசித்தம்" என்று சொல்வதற்குமுன், நான் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

வறட்சி வந்தால் என்ன செய்வது?

ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதீர்கள். இந்த ஒரு விதியை மட்டும் (318-ஆம் பத்தி) நினைவில் வைத்தாலே பாதி விபத்து குறையும். வேலையை விட்டு எழுதும் கடிதம், நிச்சயதார்த்தத்தை முறிக்கும் குறுஞ்செய்தி, மடத்தை விட்டு வெளியேறும் முடிவு ஆகியவை இருட்டில் எழுதப்படக்கூடாது. மாற்றவேண்டியது முடிவை அல்ல, முயற்சியை. 30 நிமிடம் செபித்தவர் 32 நிமிடம் உட்காரவேண்டும். எழுந்து ஓடத் தோன்றும்போது இரண்டு நிமிடம் கூட்டுவதே மருந்து.

காரணத்தையும் தேடுங்கள். இஞ்ஞாசியார் மூன்று சொல்கிறார்: நம் சோம்பல்; ஆறுதல் இல்லாமலும் நிற்கிறோமா என்ற சோதனை; ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்ற பாடம். எங்கள் பங்குக்கு நான்காவது ஒன்று: தூக்கக் குறைவு. ஆறு நாள் ஐந்து மணி நேரமே தூங்கியவர் முதலில் தூங்கட்டும், பிறகு ஆவிகளைப் பகுத்தறியலாம்.

மறைத்து வைக்காதீர்கள். ரகசியமாக வைத்துக்கொள் என்று தூண்டுவது எதிரியின் வழக்கமான உத்தி என்கிறார் அவர். வெளியே சொன்ன மாத்திரத்தில் பாதி பலம் போய்விடும்.

இது மனச்சோர்வு நோயா, ஆன்மிக வறட்சியா என்று எப்படித் தெரியும்?

செபத்தில் மட்டும் சுவை போய், வேலை, சாப்பாடு, தூக்கம், சிரிப்பு வழக்கம்போல இருந்தால் பெரும்பாலும் வறட்சி. இரண்டு வாரத்துக்குமேல் எல்லாவற்றிலும் ஆர்வம் போய், தூக்கமும் பசியும் கெட்டு, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மருத்துவரிடம் போகவேண்டும். அப்போது செப நேரத்தைக் கூட்டக்கூடாது, குறைக்கவேண்டும். செய்த பாவத்தையே நூறுமுறை அறிக்கையிட்டும் மனம் ஆறாத நிலையும் சிகிச்சை தேவைப்படும் ஒன்றாக இருக்கலாம். இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் இப்படி வதைபட்டு, தற்கொலை எண்ணம்வரை போனவர்.

இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926 என்ற எண்ணில் அழைக்கலாம். மருந்து சாப்பிடுவது நம்பிக்கையின்மை என்று யாராவது சொன்னால் அவரிடம் ஆலோசனை கேட்பதை நிறுத்திவிடுங்கள்.

முடிவெடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு வடிகட்டல். தேர்வுக்கு வரும் இரண்டுமே நல்லவையாக இருக்கவேண்டும். லஞ்சம் வாங்குவதா வேண்டாமா என்பதற்குத் தேர்ந்து தெளிதல் தேவையில்லை. பத்துக் கட்டளை போதும்.

முடிவு மூன்று விதமாகக் கனியலாம். சந்தேகத்துக்கே இடமில்லாமல் கடவுள் இழுத்துவிடுவது ஒன்று. சுங்கச்சாவடியிலிருந்து மத்தேயு எழுந்து போனதுபோல. இது அரிது. ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வந்து, பல வாரக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் சாய்வு தெரிவது இரண்டாவது. எந்த அசைவும் இல்லாத அமைதியில், அறிவைக்கொண்டு நிறுத்துப் பார்ப்பது மூன்றாவது. பலருக்கு வாய்ப்பது இந்த மூன்றாவதுதான். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: அரசுப் பணித் தேர்வை மூன்றாம் முறை எழுதுவதா, கையில் வந்திருக்கும் தனியார் வேலையில் சேருவதா?

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "என் எதிர்காலம் என்ன" என்பது கேள்வி அல்ல. "ஜூன் மாதம் இந்த வேலையில் சேருவதா" என்பது கேள்வி.

அடுத்து தராசு முள் நடுவில் நிற்கவேண்டும். பற்றின்மை என்று இஞ்ஞாசியார் சொல்வது இதைத்தான்: எதற்காகப் படைக்கப்பட்டேனோ அதற்கு எது கூடுதலாக உதவுமோ, அது எதுவானாலும் சரி என்ற நிலை. முள் ஏற்கெனவே சாய்ந்திருந்தால், "இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன், நேராக்கும்" என்று நான்கைந்து நாள் அதற்காக மட்டும் செபியுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் முறை தோற்பதற்கு முதல் காரணம்.

பிறகு ஒரு தாளில் நான்கு பத்தி: சேர்ந்தால் நன்மை, சேர்ந்தால் தீமை, சேராவிட்டால் நன்மை, சேராவிட்டால் தீமை. முதலும் நான்காவதும் ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொல்வதுபோல் தோன்றும். நிரப்பிப் பாருங்கள், வேறு வேறு வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எதிலிருந்து பிறக்கிறது என்று ஒரு சொல் எழுதுங்கள்: அன்பு, பயம், கௌரவம், பணம், சேவை. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். 'கௌரவம்' என்று எட்டு வரி இருந்தாலும், 'அம்மாவின் மருத்துவச் செலவு' என்ற ஒரு வரி அதைவிடக் கனக்கலாம்.

தாளை மூடிவிட்டு மூன்று கற்பனை. முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்? இறுதித் தீர்ப்பு நாளில்? முதலாவது விசித்திரமாக நன்றாக வேலை செய்யும். ஊரார் பிள்ளைக்கு நாம் சொல்லும் புத்தி எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும்.

கடைசியாக, எடுத்த முடிவைக் கடவுள்முன் வைத்து ஒரு வாரம் காத்திருங்கள். அந்த ஏழு நாளும் முடிவு எடுத்தாகிவிட்டது என்பதுபோலவே வாழுங்கள், யாரிடமும் அறிவிக்காமல். சமாதானம் தங்கினால் செயலில் இறங்கலாம். வேலை கொடுப்பவர் இரண்டே நாள் கெடு கொடுத்திருந்தால்? நான்கு பத்தியையும் மூன்று கற்பனையையும் ஒரே மாலையில் முடித்து, ஓர் இரவு தூங்கி எழுந்து பாருங்கள். கெடுவைக் காட்டி வெருட்டும் இடமா அது என்பதையும் தீமைப் பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் மக்கள் அதிகம் செய்யும் தவறு எது?

முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு கடவுளிடம் கையெழுத்து வாங்க வருவது. இஞ்ஞாசியார் இதற்கென்றே ஒரு தியானம் வைத்திருக்கிறார். மூன்று வகை ஆட்களுக்கு ஆளுக்குப் 10,000 தங்கக்காசு கிடைக்கிறது. பணத்தின்மீதுள்ள பற்று உறுத்துகிறது. முதல் வகை சாகும்வரை "பார்க்கலாம்" என்றே இருக்கும். இரண்டாம் வகை பணத்தையும் வைத்துக்கொண்டு உறுத்தலையும் போக்கப் பார்க்கும்; தான் நிற்கும் இடத்துக்குக் கடவுள் வரவேண்டும். மூன்றாம் வகை, வைத்துக்கொள்வதோ விடுவதோ எதுவானாலும் சம்மதம் என்று நிற்கும். ஆலயத்துக்குத் தவறாமல் வருகிற நல்லவர்களில் பலர் இரண்டாம் வகை என்பது எங்கள் கணிப்பு.

அடுத்த தவறு, நன்மை போல வரும் ஏமாற்று. தினமும் மாலை பங்கில் பணி, ஞாயிறு மறைக்கல்வி, சனிக்கிழமை நோயாளர் சந்திப்பு. எல்லாம் நல்லதுதான். ஆறு மாதத்தில் உடம்பு சோர்ந்து, பிள்ளைகளிடம் எரிந்து விழுந்து, செபமும் நின்றுபோகிறது. தொடக்கம், நடு, முடிவு மூன்றும் நல்லதா என்று பார், முடிவில் பாம்பின் வால் தெரிந்தால் தொடக்கத்திலிருந்து தடம்பிடித்துப் போ என்கிறார் அவர்.

வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தைக் கடவுளின் பதிலாக எடுக்கலாமா?

ஆறுதலாக எடுக்கலாம். ஆணையாக எடுக்கக்கூடாது. புத்தாண்டு இரவு அட்டைகளில் அதிகம் வருவது எரேமியா 29:11. வளமான எதிர்காலம் தரும் திட்டம் என்னிடம் இருக்கிறது என்பது அதன் சாரம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சிடுவதில்லை: பாபிலோனில் 70 ஆண்டு முடிந்தபின் என்கிறது அது. அந்தக் கடிதம் நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் அந்நிய நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே அதில் உள்ள வேலை.

கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல் வைப்பது, பழைய ஏற்பாட்டில் கம்பளியில் பனி விழவைக்கச் சொன்ன கிதியோன்போல அடையாளம் கேட்பது இரண்டும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழிகளாகவே பெரும்பாலும் முடிகின்றன. கிதியோன் கட்டளையைக் கேட்ட பிறகுதான் கம்பளியை விரித்தான், அதுவும் தன் பயத்தினால். "கர்த்தர் எனக்குக் காட்டினார், நீ இவரைத்தான் மணக்கவேண்டும்" என்று மூன்றாமவர் ஒருவர் வந்து சொன்னால், உங்களுக்கும் அதைக் காட்டும்வரை காத்திருப்பதாக மரியாதையோடு சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டி அவசியமா? யாரைத் தேர்வது?

முழுப் பயிற்சிக்கு அவசியம். ஆன்மிக வழிநடத்துதலில் பயிற்சி பெற்ற அருள்தந்தையோ அருள்சகோதரியோ பொதுநிலையினரோ யாராகவும் இருக்கலாம். அவர் தாமும் ஒருவரிடம் வழிகாட்டல் பெறுகிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். மாதம் ஒருமுறை 45 நிமிடம் போதும். குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள், அதிலிருந்து எதைப் பகிர்வது என்பது உங்கள் உரிமை.

நல்ல வழிகாட்டி உங்களுக்காக முடிவெடுக்கமாட்டார். துறவு பக்கமோ திருமணம் பக்கமோ தள்ளக்கூடாது, தராசு முள்போல நடுவில் நிற்கவேண்டும் என்பது 15-ஆம் முன்குறிப்பு. உணர்ச்சி பொங்கும் நேரத்தில் அவசரமாக வார்த்தைப்பாடு (கடவுளுக்குத் தரும் வாக்கு) கொடுக்க விடக்கூடாது என்பது 14-ஆம் முன்குறிப்பு. பணம் கேட்பவர், ரகசியம் காக்கச் சொல்லி மிரட்டுபவர், குடும்பத்திலிருந்து பிரிப்பவர், நேரம்காலம் இல்லாமல் தனிமையில் சந்திக்க அழைப்பவர் ஆகியோரிடமிருந்து விலகுங்கள். விளக்கம் கொடுக்கவும் வேண்டியதில்லை.

வீட்டில் எதிர்த்தால்?

பெற்றோரை மதிப்பதும் அவர்கள் சொல்வதையெல்லாம் கடவுளின் குரலாக எடுப்பதும் ஒன்றல்ல. அவர்களுடைய எதிர்ப்புக்குப் பின்னால் உள்ள பயத்தைக் கேட்டு, அதை நான்கு பத்தித் தாளில் உரிய இடத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் அதில் உண்மை கொஞ்சம் இருக்கும். முடிவைச் சொல்லும்போது, "கடவுள் சொல்லிவிட்டார்" என்று வாயை அடைக்காதீர்கள். "பல வாரம் செபித்து இப்படி முடிவெடுத்திருக்கிறேன் அப்பா, இவைதான் காரணங்கள்" என்பது பேச இடம் விடும்.

எனக்குத் துறவற அழைத்தல் இருப்பதாகத் தோன்றுகிறது. உடனே சேர்ந்துவிட்டால்?

உடனே யாரும் சேர்க்கமாட்டார்கள், அதுவும் நல்லதற்கே. திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாதவரை நவதுறவில் (துறவற சபையின் தொடக்கப் பயிற்சியில்) சேர்க்க முடியாது. நவதுறவு குறைந்தது 12 மாதம். இயேசு சபையில் இரண்டு ஆண்டு. தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது மூன்று ஆண்டு கடந்தபின்தான் நிரந்தர வார்த்தைப்பாடு. சோதித்துப் பார்க்க இருவருக்கும் காலம் கொடுக்கும் ஏற்பாடு இது. நடுவில் வெளியேறுவது தோல்வி அல்ல. தேர்வில் தோற்றது, காதல் முறிந்தது போன்ற சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் எழுந்த ஆசையென்றால், இன்னோர் ஆண்டு பொறுங்கள்.

ஏற்கெனவே தவறாகத் தேர்ந்துவிட்டேன். இப்போது என்ன?

மாற்றக்கூடியது என்றால், மேலே சொன்ன முறைப்படி, வறட்சி இல்லாத காலத்தில் மறுபரிசீலனை செய்யலாம். திருமணம், குருத்துவம் போன்ற மாற்ற முடியாதவற்றில், தேர்ந்த விதம் கோணலாக இருந்தாலும், அந்த வாழ்வை இனி நன்றாக வாழ்வது எப்படி என்பதே கேள்வி என்கிறார் இஞ்ஞாசியார். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்: அடி உதை நடக்கும் வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பதைச் சிலுவை என்று யாரும் உங்கள் தோளில் ஏற்றக்கூடாது. பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின்தான் தேர்ந்து தெளிதல். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

"கிறிஸ்துவில் புது அடையாளம்" என்கிறார்கள். சபைக்குள்ளேயே சாதி இருக்கிறதே?

இருக்கிறது. ஆலயத்தில் தனி இடம், தனிக் கல்லறை என்பவை தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் நடந்தவை. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு கூடமாக ஆலயத்தையே பிரித்துக் கட்டினார்கள். யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை, அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28, திருமுழுக்கைப் பற்றிய வசனத்துக்கு அடுத்து வருகிறது. அதாவது அது கவிதை அல்ல, திருமுழுக்கின் விளைவு. இரவு ஆய்வில் இதையும் சேருங்கள்: இன்று யாருடைய பெயரைக் கேட்டதும் ஊர், தெரு விசாரித்தேன்? வரன் பார்க்கும் நான்கு பத்தித் தாளில் சாதி எந்தப் பத்தியில், எந்தச் சொல்லோடு நிற்கிறது? ஒடுக்கப்பட்ட பக்கத்தில் இருப்பவருக்குப் பயிற்சி வேறு: "விலைமதிப்புள்ளவன்" என்ற எசாயா 43:4-இல், மற்றவர்களைவிட நெடுங்காலம் தங்கவேண்டியிருக்கும்.

நோக்கம் தெளிய எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கையின் மொத்தத் திசைக்குக் கணக்கு இல்லை. குண்டு பட்ட 1521-இலிருந்து இயேசு சபை அங்கீகாரம் பெற்ற 1540 வரை இஞ்ஞாசியாருக்கு 19 ஆண்டு. நடுவில் எருசலேமிலேயே தங்கிவிடப் போனார், திருப்பி அனுப்பினார்கள். 33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். பாரிஸ் அறைத்தோழர் பீட்டர் ஃபேபர் மனக்குழப்பத்தோடு வந்தபோது, முழுப் பயிற்சியைக் கொடுக்கச் சுமார் நான்கு ஆண்டு காக்கவைத்தார்.

தெளிந்து எடுத்த முடிவு நடக்காமலே போனால்?

தேர்ந்த விதம் பொய் என்று ஆகாது. திட்டத்திலேயே மாற்றுவழிக்கு இடம் வையுங்கள். 1534-இல் பாரிஸின் மோன்மார்த்ரில் இஞ்ஞாசியாரும் ஆறு தோழர்களும் எருசலேம் போவதாக வாக்குக் கொடுத்தபோது, கப்பல் கிடைக்காவிட்டால் ஓராண்டு காத்திருந்து, பிறகு திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குப் போவது என்று சேர்த்தே முடிவு செய்தார்கள். வெனிசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டது, கப்பல் போகவில்லை. அவர்கள் உரோமைக்குப் போனார்கள். 1540-இல் இந்தியாவுக்கு அனுப்பத் தேர்ந்தவர் அந்தத் தோழர்களில் ஒருவரான போபதில்லா. அவர் நோயில் விழவே, அருகில் இருந்த இன்னொரு தோழர் பிரான்சிஸ் சவேரியாரைக் கேட்டார்கள். அவர் அடுத்தநாளே புறப்பட்டார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரண்டு மொழியும் தெரிந்த சிலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமக்குத் தெரியாத தமிழில் செபங்களை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.